சுமையோடு மழைக்காட்டு மலைப்பாதை: எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது?

வளைவுநெளிவு:

வணக்கம் நண்பர்களே. வெப்பமண்டல மலைக்காட்டுக் காப்பகம் ஒன்றைச் சைக்கிளில் குறுக்கே கடக்க இரண்டு பேர் திட்டம் போட்டிருக்கிறோம். மூன்று நாள் பயணம். எண்களோடு தருகிறேன், எங்கே இடறும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் நாள்: கிழக்கு செக்போஸ்ட் 350 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து 31 கி.மீ. தார் ரோட்டில் ஏறினால் 1,800 மீட்டரில் மேட்டுச் சமவெளியின் கிழக்கு விளிம்பு. அங்கே தங்க இடம் உண்டு.

இரண்டாம் நாள்: மேலேயே 52 கி.மீ. சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். கடைசி 18 கி.மீ. ஜல்லியும் மண்ணும். 38-வது கி.மீ.யில் ஆறு, அதன் மேல் தரைப்பாலம். ராத்தங்கல் மேற்கு விளிம்பில், அதுவும் 1,800 மீட்டர்தான்.

மூன்றாம் நாள்: மேற்குப் பக்கமாக 27 கி.மீ. இறங்கி 200 மீட்டரில் உள்ள செக்போஸ்ட். இதில் நாலரை கி.மீ. 12 சதவீதச் சரிவு, முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பகுதி மேற்கு செக்போஸ்ட்டிலிருந்து 9-வது கி.மீ.க்கும் 13.5-க்கும் நடுவே வருகிறது.

வாயில்கள் காலை 6 முதல் மாலை 6 வரை. மழைக்காலத்தின் கடைசி வாரங்கள், பெரும்பாலும் பிற்பகலில் மழை. ஈரக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. யானை நடமாட்டம் உள்ள காடு.

என் வண்டி: ஸ்டீல் டூரிங், 700x38 டயர், முன்னால் 46/30 பல் செயின்ரிங், பின்னால் 9 ஸ்பீடு 11-34 பல் கேசட் (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கு), கேபிள் டிஸ்க் பிரேக், இரண்டு ரோட்டரும் (பிரேக் தட்டு) 160 மி.மீ. ஆளும் வண்டியும் பேனியரும் (பக்கப் பைகள்) தண்ணீரும் சேர்த்து 106 கிலோ. கூட வருபவருடையது 26 இன்ச் வண்டி, மூன்று செயின்ரிங் கிராங்க் (மிதித்தண்டும் முன்பற்சக்கரங்களும்), அதில் சின்னது 22 பல், வி-பிரேக் (சக்கரத்தின் ரிம்மை இறுக்கும் வகை).

கேள்விகள்: கியர் போதுமா? கிழக்கிலிருந்து மேற்கா, மாற்றிப் போவதா? அந்த 12 சதவீத இறக்கத்தை பிரேக் தாங்குமா? தண்ணீர் எவ்வளவு?

---

கியர்கதிர்:

கியரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான விடையும் பாதி அதில்தான் இருக்கிறது.

30 பல்லுக்கு 34 பல் என்றால் விகிதம் 0.88. 700x38 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.18 மீட்டர். அதாவது மிதி ஒரு சுற்றுக்கு வண்டி 1.92 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.9 கி.மீ. 106 கிலோவை அந்த வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் ஏற்ற சுமார் 215 வாட் வேண்டும். 12 சதவீதத்தில் 255. நல்ல பழக்கம் உள்ள பயணிகளில் பெரும்பாலோர் வெயிலில் மணிக்கணக்காகத் தரக்கூடியது 120 முதல் 150 வாட். மீதியை எங்கிருந்து கொண்டுவருவது? மிதி வேகத்தை 40 சுற்றுக்கு இறக்குவீர்கள். அப்போது 10 சதவீதத்துக்கு 143 வாட் போதும், ஆனால் அதே 143 வாட்டை 60 சுற்றில் தருவதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி வாங்கும் அழுத்தம் ஒன்றரை மடங்கு. முட்டி வலி இப்படித்தான் ஆரம்பிக்கிறது, அதுவும் இரண்டாம் நாள் காலையில்தான் தெரியவரும்.

கேசட்டை 11-36 ஆக்கினால் 0.83. ஆறு சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. நாலு கிலோ சுமையைக் குறைத்தாலே ஏறக்குறைய நாலு சதவீதம் வந்துவிடும். அதனால் மாற்றுவதென்றால் கிராங்கை மாற்றுங்கள். 44/32/22 மூன்று செயின்ரிங் கிராங்க் போட்டால் 22க்கு 34, விகிதம் 0.65, ஒரு சுற்றுக்கு 1.41 மீட்டர். 12 சதவீதத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று, 156 வாட், மணிக்கு 4.2 கி.மீ. மெதுவாகத் தெரியும். ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

சராசரிச் சரிவை நம்பாதீர்கள். தாய்லாந்தின் தோய் இந்தனோன் பூங்காவில் சோம் தோங் ஊரிலிருந்து (சுமார் 300 மீட்டர்) 2,565 மீட்டர் உச்சிக்கு 47 கி.மீ. சொச்சம். வகுத்தால் 5 சதவீதத்துக்கும் குறைவு, எண் ரொம்ப சாதுவாகத் தெரியும். மேல்பகுதியில் 10 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் வரிசையாக வரும். உங்கள் கிழக்குப் பக்கம் 4.7 சதவீதச் சராசரி என்றால், உள்ளே 9, 10 சதவீதத் துண்டுகள் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கைத் தூரத்தில் போடாமல் ஏறும் உயரத்தில் போடுங்கள். சுமையோடு, நிற்கும் நேரமும் சேர்த்து, மணிக்கு 300 மீட்டர் உயரம். கிழக்குப் பக்கம் 1,450 மீட்டர்: ஐந்து மணி நேரம். மேற்குப் பக்கம் 1,600: ஐந்தரை.

---

மழைத்தடம்:

திசையைத் திருப்புங்கள். மேற்கில் ஏறி கிழக்கில் இறங்குவதுதான் இந்தப் பாதைக்குச் சரி. காரணங்கள் நாலு, எடையும் ஒன்றல்ல.

முதலாவது, பிடிமானம். ஈரக்காற்று மேற்கிலிருந்து வருகிறதென்றால் மேற்குச் சரிவுதான் நனையும் பக்கம். மலையில் மோதி மேலேறும் காற்று குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிடும். நிழலில் உள்ள தார், சிமென்ட் வளைவு இரண்டிலும் பாசி பிடித்திருக்கும், அதன் மேல் ஈர இலை. ஏறும்போது மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வழுக்கினால் கால் ஊன்றலாம். இறங்கும்போது அதே வளைவில், அதே பாசியில், பிரேக் பிடித்தபடி திரும்ப வேண்டும். செங்குத்தான பக்கமும் ஈரமான பக்கமும் ஒன்றாக இருக்கும்போது அதில் இறங்கத் திட்டமிடக் கூடாது.

இரண்டாவது, வெயில். மேற்குச் சரிவில் காலை 9 மணி வரை, ஆழமான பள்ளத்தாக்கென்றால் அதற்கு மேலும், மலையின் நிழல் இருக்கும். கிழக்குச் சரிவில் விடிந்ததிலிருந்து வெயில் அடிக்கும். ஏற்றத்தில் எதிர்காற்றே கிடையாது, உடம்பு குளிர வழியில்லை. நிழல் கிடைப்பது பெரிய உதவி.

மூன்றாவது, ஆறு. உங்கள் திட்டத்தில் 38-வது கி.மீ., அதாவது பிற்பகலில் போய்ச் சேருவீர்கள். மழை பெய்யும் நேரமும் அதுதான். திருப்பினால் அது 14-வது கி.மீ. காலை 9 மணிக்குள் கடந்துவிடலாம், முந்தைய நாள் வெள்ளமும் ராத்திரியில் வடிந்திருக்கும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் முதலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். அடித்தளம் தெரியாவிட்டால் கடக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்க்கும், பேனியர் மாட்டிய வண்டியை இன்னும் சுலபமாக இழுக்கும். கணுக்கால் தண்ணீரிலும் மிதித்துப் போகாதீர்கள், சிமென்ட்டில் பாசி உண்டு. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது எதையும் சொல்லாது. மேலே எங்கோ பெய்த மழைதான் இங்கே வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள்.

நாலாவது, ஜல்லி ரோடு. திருப்பினால் அது நாளின் முதல் 18 கி.மீ. கை களைப்படையாத நேரம்.

எப்படிப் போனாலும் விளிம்பை நண்பகலுக்குள் தொட்டாக வேண்டும். வெப்பமண்டல மலையில் காலை வெயில் சரிவைச் சூடாக்கும், பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலேறும், 11, 12 மணிக்கு மேகம் திரளும், 2 மணியிலிருந்து இடி. இந்த ஒழுங்கு பெரும்பாலான நாட்களில் அப்படியே நடக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 விநாடி என்றால் மின்னல் சுமார் 10 கி.மீ. தொலைவில். அதற்குக் குறைந்தால் திறந்த புல்வெளி, முகடு, தனி மரம் மூன்றையும் விட்டு இறங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

மேற்கில் ஏறினால் ஒரு நிபந்தனை: 12 சதவீதப் பகுதி முடியும் 13.5-வது கி.மீ.யை 10:30க்குள் தாண்டவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடுங்கள். 6 மணிக்குக் கிளம்பினால், கியர்கதிர் சொன்ன வேகத்தில் அங்கே 9:15க்கு இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரம் தாமதம் என்றால் மீதி 640 மீட்டரும் மேகத்துக்குள் போய்விடும்.

குளிர்: ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். கோஸ்டா ரிகாவில் செரோ தெ லா முயெர்தே கணவாய்ச் சாலை 700 மீட்டரில் உள்ள சான் இசித்ரோவிலிருந்து 3,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கீழே வெப்பமண்டல வெக்கை, மேலே கை விறைக்கும் குளிர், ஒரே நாளில். உங்களுக்கு 10 டிகிரிதான் வித்தியாசம். ஆனால் நனைந்த உடம்போடு இறங்கும்போது 18 டிகிரியே நடுக்கும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. மெல்லிய முழுக் கையுறை ஒன்று, காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று, இரண்டும் பேனியரின் மேல்பகுதியில்.

---

ஸ்பானர்சேவியர்:

பிரேக் பத்தி நான் சொல்றேன். திசை எதுவானாலும் இது தேவைப்படும், கிழக்கிலயும் 1,450 மீட்டர் இறங்கத்தான் போறீங்க.

106 கிலோ, 12 சதவீத இறக்கம். மணிக்கு 15 கி.மீ.ல இறங்கினா பிரேக் ரெண்டும் சேர்ந்து விழுங்க வேண்டியது சுமார் 460 வாட் சூடு. வேகம் கூடக்கூட இது ஏறும், 39 கி.மீ. பக்கத்துல உச்சம், சுமார் 840 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியோட சூடு அது. அதுக்கு மேல வேகம் போனா காத்தே நிறைய தடுக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆனா கொண்டை ஊசி வளைவுல 60 போக முடியாது. அதனால பிரேக்குக்கு ரொம்ப மோசமானது 30லிருந்து 40க்குள்ள இழுத்துப் பிடிச்சபடியே இறங்குறது. நிறைய பேர் இறங்குற வேகம் சரியா அதுதான். செங்குத்துப் பகுதியில 15க்குப் பக்கத்துல வெச்சுக்கோங்க. நாலரை கி.மீ.க்கு 18 நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆற விடுங்க. ரோட்டரைக் கையால தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் ஒட்டிக்கும். ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, சுர்ருன்னா இன்னும் பொறுங்க. முழு பாட்டிலையும் ஊத்தாதீங்க, ரோட்டர் கோணிக்கும்.

முன், பின் ரெண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்க. பின் பிரேக் மட்டும் பிடிச்சுட்டு இறங்குறது பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அதுல முழுச் சூடும் ஒரே ரோட்டருக்குப் போகுது, தடுக்குற சக்தியும் பாதிக்கும் கீழ. நேர் பகுதியில விட்டு, வளைவுக்கு முன்னாடி அழுத்தமா பிடிச்சு, வளைவுக்குள்ள விடுங்க. ஈரத்துல வளைவுக்குள்ள முன் பிரேக் தொட்டா முன்சக்கரம் கையை விட்டுப் போயிடும்.

கேபிள் டிஸ்க்ல பெரிய பிரச்சினை பேட் (ரோட்டரைக் கவ்வுற கட்டை) தேய்மானம். ஹைட்ராலிக் மாதிரி அது தானா சரிசெய்துக்காது. மழையும் மண்ணும் சேர்ந்த ஒரே நாள்ல ரெசின் பேட் முழுசா தேயலாம். லீவர் ஹேண்டில் பாரைத் தொடும்போதுதான் தெரியும், அப்போ நீங்க சரிவுல இருப்பீங்க. செய்ய வேண்டியது:

மெட்டல் சின்டர்டு (உலோகத் தூளை இறுக்கிச் செஞ்ச) பேட் போடுங்க. முதல்ல ரோட்டர்ல "ரெசின் மட்டும்"னு அச்சிட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா ரோட்டரையும் மாத்தணும். முன்ரோட்டரை 180 ஆக்க ஃபோர்க் அனுமதிச்சா அதையும் செய்யுங்க, அடாப்டர் மாத்தினா போதும். ஷிமானோ ரோட்டர் புதுசுல 1.8 மி.மீ., 1.5க்கு வந்தா தூக்கிப் போடணும். புது பேட்டைப் பழக்க 25 கி.மீ. வேகத்துலேருந்து 5க்கு, சக்கரம் பூட்டிக்காம, இருபது தடவை குறைங்க. அதை வீட்டுப் பக்கத்துச் சமதளத்துல முடிச்சுட்டுதான் மலைக்குப் போகணும். பழக்காத பேட் முதல் இறக்கத்துலயே கண்ணாடி மாதிரி மெருகேறி வழுக்கும்.

நிறுத்துற ஒவ்வொரு இடத்துலயும் லீவர் எவ்வளவு உள்ள போகுதுன்னு பாருங்க. நகராத பக்கத்து பேடை காலிப்பர் (பேடைத் தாங்குற பாகம்) குமிழால உள்ள தள்ளுங்க, நகர்ற பக்கத்துக்கு கேபிள் அட்ஜஸ்டர். ரோட்டர் ஒரு பக்கமா வளைஞ்சு தொட்டா நகராத பக்கத்தை முதல்ல சரிசெய்யலன்னு அர்த்தம். மாத்து பேட் முன்னுக்கு ஒரு ஜோடி, பின்னுக்கு ஒரு ஜோடி.

நண்பரோட வி-பிரேக்குக்கு வேற கவலை. சூடு ரிம்முக்குப் போகும், ரிம்மிலிருந்து டயருக்கு. 20 டிகிரியில 4 பார் அடிச்சிருந்தா, உள் காத்து 90 டிகிரிக்குப் போறப்போ அழுத்தம் 5.2 பார். அதோட ரிம்முக்குள்ள இருக்கற மெல்லிய பிளாஸ்டிக் டேப் இளகும், ஸ்போக் துளை வழியா ட்யூப் பிதுங்கி வெடிக்கும். பருத்தித் துணி ரிம் டேப்புக்கு மாறச் சொல்லுங்க, செலவே இல்லாத வேலை. இறங்குறதுக்கு முன்னாடி அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ரிம் பக்கவாட்டு தேஞ்சு உள்பக்கமா குழிஞ்சிருந்தா இந்தப் பயணத்துக்கு அந்தச் சக்கரம் வேண்டாம். ஈரத்துல ரிம் பிரேக் முதல் ஓரிரு சுற்றுக்குத் தண்ணியை வழிக்கத்தான் செய்யும், அதுக்கப்புறம்தான் பிடிக்கும். வளைவுக்கு ரொம்ப முன்னாடியே லேசா தொட்டுத் துடைச்சு வெச்சுக்கணும்.

டயர் அழுத்தம், உங்க வண்டிக்கு: தார்ல பின்னால 55 பிஎஸ்ஐ, முன்னால 40. ஜல்லியில ரெண்டுலயும் எட்டு, பத்து குறைங்க. பின்னால 45க்குக் கீழ போனா கல் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ரேக் போல்ட் நாலுக்கும் கழலாம இருக்க மரைப்பசை போட்டு, ஒவ்வொரு சாயங்காலமும் ஆலன் சாவியால தொட்டுப் பாருங்க. ஜல்லி ரோட்டு அதிர்வுல முதல்ல கழலுறது அதுதான்.

---

பெடல்மாறன்:

மழைத்தடம் சொன்னதில் திசை சரி. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது, அது பெரிய விஷயம். இப்போதைய கியரோடு மேற்கில் ஏறினால் அந்த நாலரை கி.மீ. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். யானை உள்ள காப்பகங்கள் பலவற்றில் ரோட்டில் போகலாம், இறங்கி நடக்கக் கூடாது. விதியாக இல்லாத இடத்திலும், மூங்கில் அடர்ந்த வளைவில் சுமை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இருப்பது சரியல்ல. அதனால் வரிசை இப்படி: கிராங்கை மாற்றினால் மேற்கில் ஏறுங்கள். மாற்றவில்லையென்றால் உங்கள் பழைய திட்டமே, ஸ்பானர்சேவியர் சொன்ன பிரேக் வேலைகளை முழுக்க முடித்துவிட்டு. மூன்றாம் நாள் இறக்கத்தை 6 மணிக்கே தொடங்காமல், ரோடு சற்றுக் காயும்படி 8 மணிக்குத் தொடங்கி, மழைக்கு முன் கீழே வந்துவிடுங்கள்.

யானை விஷயத்தில் சைக்கிளின் ஆபத்து அதன் அமைதி. மோட்டார் வண்டியைத் தூரத்திலேயே கேட்டு யானை விலகும். சைக்கிள் பக்கத்தில் வரும்வரை அதற்குத் தெரியாது. பார்வை மறையும் வளைவுக்கு முன் மணியடிப்பது, பேசிக்கொண்டே போவது, இரண்டும் நல்லது. புதுச் சாணம், முறிந்த மூங்கில், ரோட்டில் ஈரக் கால்தடம் கண்டால் நின்று கேளுங்கள். முன்னால் யானை தெரிந்தால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நின்று, திரும்பிப் போக வழி வைத்துக்கொண்டு காத்திருங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே, கூட்டம் ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பாதிக்கும் நடுவே, ஒருபோதும் நுழையாதீர்கள். பேருந்தோ ஜீப்போ வந்தால் அதன் பின்னால் ஒட்டிக் கடப்பதும் வேண்டாம். முன்வண்டி போனபின் கோபம் உங்கள் மேல் திரும்பும்.

இருட்டும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் 20, 25 நிமிடம்தான். மரமூடிய பள்ளத்தாக்கில் அதுவும் கிடையாது. வாயில் 6 மணிக்கு மூடும் என்றால் 4:30க்கு அங்கே இருப்பதுபோல் போங்கள்.

தண்ணீர்: ஏற்றத்தில் ஒரு மணிக்கு 700 மி.லி. முதல் ஒரு லிட்டர். ஐந்தரை மணிக்கு நாலு லிட்டராவது வேண்டும். மூன்று லிட்டர் சுமந்து, ஓர் இடத்தில் நிரப்புங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும். நாலு லிட்டருக்குத் தட்டையாக ஒரு டீஸ்பூன் உப்பு, சுமார் 6 கிராம். லிட்டருக்கு 575 மி.கி. சோடியம் வரும், இது போதுமான அளவு.

ஓடைத் தண்ணீர்: 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஒற்றைச் செல் கிருமிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. அதன் பிறகு குளோரின் டையாக்சைடு மாத்திரை போட்டு 30 நிமிடம். ஃபில்டர் இல்லாமல் மாத்திரை மட்டும் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் கிருமிக்கு நாலு மணி நேரம் வேண்டும். கலங்கிய தண்ணீரை முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடையில் பிடிக்காதீர்கள். பூச்சிமருந்துக்கு இந்த இரண்டுமே உதவாது.

அட்டைப்பூச்சி: நெருக்கமாக நெய்த, அட்டையைத் தடுக்கும் காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டுங்கள். கடித்துவிட்டால் ஒல்லியான முனைக்கு அடியில் நகத்தை நுழைத்து நகர்த்தினால் விட்டுவிடும். உப்பு, நெருப்பு வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும். உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுச்செல்வதால் இரத்தம் வெகுநேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். டீட் கலந்த பூச்சித் தைலம் பிளாஸ்டிக் கண்ணாடியையும் ஸ்பான்டெக்ஸ் துணியையும் அரிக்கும், தோலில் மட்டும் பூசி, உள்ளங்கையைக் கழுவிவிட்டு பாரைப் பிடியுங்கள்.

---

வளைவுநெளிவு:

மிகத் தெளிவாக இருக்கிறது. கிராங்கை மாற்றிவிடலாம் என்று முடிவு. இரண்டு சந்தேகம். ஒன்று, மூன்று செயின்ரிங் போட்டால் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்? இரண்டு, என் ஜிபிஎஸ் கோப்பில் மேட்டுச் சமவெளி 52 கி.மீ.க்கு 1,350 மீட்டர் ஏற்றம் காட்டுகிறது, இடையில் 22 சதவீதச் சரிவுகூட வருகிறது. நம்பலாமா?

---

மழைத்தடம்:

இரண்டாவதுக்கு: 22 சதவீதத்தை நம்ப வேண்டாம், 1,350ஐயும் அப்படியே எடுக்க வேண்டாம். இணையத்தில் பாதை வரையும் தளங்கள் பலவும் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவையே பயன்படுத்துகின்றன. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையைவிட மரத்தலைகளையே அதிகம் பார்க்கிறது. அதோடு ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 30 அல்லது 90 மீட்டர் இடைவெளி. மலைச்சரிவை வெட்டிப் போகும் ரோட்டுக்கு அது மேலே உள்ள மரத்தின் உயரத்தையும் அடுத்த நொடி கீழே உள்ள பள்ளத்தின் உயரத்தையும் கொடுக்கும். பொய்யான மேடும் பள்ளமும் கூடிக்கூடித்தான் மொத்த ஏற்றம் உப்புகிறது.

திருத்தும் வழி: வரைபடத்தில் ரோடு தொடும் முக்கிய மேடுகளையும் ஓடை கடக்கும் தாழ்வுகளையும் மட்டும் குறித்து, சமஉயரக் கோடுகளிலிருந்து ஒவ்வொன்றின் உயரத்தையும் எடுத்து, ஏறும் துண்டுகளை மட்டும் கூட்டுங்கள். சரிவை ஒரு கி.மீ. அளவுக்குச் சராசரி எடுத்துப் பாருங்கள், 50 மீட்டர் துண்டுகளாகப் பார்க்காதீர்கள். நாள் கணக்கை அந்த எண்ணில் போடுங்கள்.

காற்றழுத்தமானி உள்ள மீட்டர் வைத்திருந்தால் இன்னொன்று. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணியளவில் உச்சத்துக்கும் மாலை 4 மணியளவில் தாழ்வுக்கும் போகும், வானிலை மாறாவிட்டாலும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் மீட்டர் 8, 9 மீட்டர் உயரம் கூட்டிக் காட்டும். ஆகவே சும்மா நிறுத்திவைத்த வண்டியின் மீட்டரும் மாலைக்குள் இருபது, இருபத்தைந்து மீட்டர் "ஏறியிருக்கும்". உயரம் எழுதிய பலகை கண்ட இடத்திலெல்லாம் சரிசெய்துகொள்ளுங்கள்.

திசையைத் திருப்புவதாக இருந்தால் அனுமதிச் சீட்டையும் புதிதாக வாங்க வேண்டிவரலாம். உள்ளே நுழையும் வாயில், வெளியேறும் வாயில், தேதி மூன்றும் சீட்டில் இருக்கும். அதில் "சைக்கிள்" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வண்டி போகும் ரோட்டிலேயே சைக்கிளைத் தடுக்கும் காப்பகங்கள் உண்டு. பாதை எங்கேயாவது உள்மண்டலத்தைத் தொடுகிறதா என்று வரைபடத்தை விரித்துக் கேளுங்கள். யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்றால் உள்மண்டலம், இடைமண்டலம், வெளிமண்டலம் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். மிதிவண்டிப் பாதை பெரும்பாலும் பின்னிரண்டில்தான் கிடைக்கும்.

---

கியர்கதிர்:

கிராங்குக்கு: 22 பல் செயின்ரிங் 64 மி.மீ. போல்ட் வட்டத்தில் உட்காரும், வெளியே இரண்டும் 104 மி.மீ. மாற்ற வேண்டியவை நாலு.

பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்): புது கிராங்க் எந்த அச்சு நீளத்தைக் கேட்கிறதோ அது. செயின்லைன் (செயின் ஓடும் கோடு) நடுச் செயின்ரிங்குக்கு நேராக கேசட்டின் நடுப் பற்சக்கரம் வரும்படி இருக்க வேண்டும். அச்சு குட்டையாகிவிட்டால் 22 பல் ஃபிரேமின் செயின்ஸ்டேயை (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) உரசும், வாங்கும் முன் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

முன் டிரெய்லியர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி): 44 பல்லுக்கான வளைவு உள்ளது, மூன்று செயின்ரிங் வகை. 46/30 வகையின் கூண்டு 22க்கு இறங்கும்போது செயினை உரசிக்கொண்டே இருக்கும்.

முன் ஷிஃப்டர்: மூன்று நிலை. டிரெய்லியரும் ஷிஃப்டரும் ஒரே குடும்பமாக, இரண்டுமே ரோடு வகை அல்லது இரண்டுமே மலைவண்டி வகையாக இருக்கட்டும். கேபிள் இழுக்கும் அளவு வேறு வேறு. ஹேண்டில் பார் முனையில் மாட்டும் உராய்வு ஷிஃப்டர் என்றால் இந்தக் கவலையே இல்லை, மழையிலும் மண்ணிலும் அதுதான் தொல்லை தராதது.

பின் டிரெய்லியர்: தேவையான கொள்ளளவு, அதாவது தளரும் செயினை இழுத்துப் பிடிக்கும் திறன், பல் கணக்கில் (44 கழித்தல் 22) கூட்டல் (34 கழித்தல் 11), மொத்தம் 45. நீளக் கூண்டுள்ள ஷிமானோ மலைவண்டி 9 ஸ்பீடு டிரெய்லியர்களின் கொள்ளளவு சரியாக 45. இப்போது இருப்பது நடுத்தரக் கூண்டென்றால் 22-க்கு 11 போட்டதும் செயின் தொங்கும்.

செயின் நீளத்தைப் பெரியதுக்குப் பெரியது, 44-க்கு 34, டிரெய்லியர் வழியாக விடாமல் சுற்றி, அதோடு இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டு அந்த கியரைத் தவறி மாற்றினால் டிரெய்லியர் ஹேங்கர் (அதை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) முறியும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி அச்சு, வழியில் கிடைக்காது, ஒன்று பையில் இருக்கட்டும். உள்பக்கம் 22க்கு இறங்கும்போது செயின் பாட்டம் பிராக்கெட் மேல் விழாமல் இருக்க சீட் ட்யூபில் ஒரு செயின் தடுப்பு மாட்டுங்கள். ஏற்றம் தொடங்கிய பிறகு, அழுத்தி மிதித்துக்கொண்டே 22க்கு இறக்க வேண்டாம். வளைவுக்கு முன், மிதி லேசாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.